ஆளுக்குப் பாதி

பிக்கப் வண்டியின் பின்கதவின் மேல் தண்ணீரை ஊற்றி, வாட்டர் பேப்பரால் வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பி உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அவனைப் பார்த்தார்கள், பிறகு அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு "அக்கா எங்கே?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வீட்டை ஒட்டிய கொட்டகையிலிருந்து வந்த சரக் சரக் சத்தம்தான் பதில்.

"பாவம், மூளை கலங்கிப்போச்சு போல" என்று ஜன்னலோரம் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அது எப்போது தெளிவாக இருந்தது என்பதில் அவளுக்கே சந்தேகம் உண்டு. தெளிந்த மூளை உள்ளவர்கள் ஒரு பிக்கப் வண்டிக்கு என்ன கலர் அடிப்பது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட மாட்டார்கள்.

அப்பா கண்ணை மூடும்போது வீட்டைப் பெரியவனுக்குக் கொடுத்தார். வண்டியை, "சின்னதுங்க ரெண்டும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கட்டும்" என்றார். விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னார் என்றுதான் உலகம் புரிந்துகொண்டது. அக்காவும் தம்பியும் உலகத்தோடு ஒத்துப்போகிற ரகம் இல்லை. முன்பாதி தம்பிக்கு: என்ஜின், கேபின், ஸ்டீரிங், ஹாரன். பின்பாதி அக்காவுக்கு: சரக்கு ஏற்றும் தொட்டி, பின்கதவு, அதன் சங்கிலிகள். இதில் வேடிக்கை, வண்டி ஓட்டத் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். தம்பிக்கு சைக்கிளே தகராறு. ஆக, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அவள் அவன் பாதியில்தான் உட்கார வேண்டியிருந்தது. "என் வீட்டுல உக்காந்திருக்கே, பாத்து நடந்துக்க" என்பான் பக்கத்து சீட்டிலிருந்து. அவனோ அவள் தொட்டியில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஒரு தடவை சண்டை முற்றியபோது, "செத்தாலும் உன் பாதியில ஏற மாட்டேன், போ" என்று சபதமே போட்டுவிட்டான்.

சண்டை கலரைப் பற்றித்தான். அப்பா காலத்தில் வண்டியை வாடகைக்கு எடுத்த ஒருவன் தலையிலிருந்து கால்வரை வெள்ளையடித்து, துருப்பிடிக்க விட்டு, திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அதற்கு முன்பு வண்டி என்ன நிறத்தில் இருந்தது? பாசிப்பச்சை என்றான் தம்பி. நீலம் என்றாள் அக்கா. அவன் தையல்காரன், துணிக்கு நூல் பொருத்திப் பொருத்திப் பழகிய கண் தப்பாது என்பான். அவள் பீரோ செய்யும் பட்டறையில் ஸ்பிரே அடித்துக் காலம் தள்ளியவள். நான் அடிக்காத கலரா என்பாள். சின்ன வயதில் அந்தத் தொட்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அப்பாவோடு போனது அவளுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. சுற்றிலும் நீலம். அதில் என்ன சந்தேகம்?

வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஓர் ஓரமாக, நிதானமாகச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். பச்சைக் குழந்தைக்குக்கூட அது தோன்றியிருக்கும். இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, தன் பாதியில்தான் முதலில் உண்மை வெளியே வர வேண்டும் என்ற வெறியில், கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தூள் பறக்கத் தேய்த்துத் தள்ளினார்கள். தூசி அடங்கிப் பார்த்தபோது பளபளவென்று வெறும் இரும்புதான் மிஞ்சியிருந்தது.

"பச்சை தெரிஞ்சுதே, பாக்கலையா?" என்றான் அவன்.

"நீலம்தான் பறந்துச்சு. உன் கண்ணுல தூசி" என்றாள் இவள்.

அதோடு சாட்சி போயிற்று, வழக்கு நின்றுவிட்டது. மற்ற வேலைகள் ஒழுங்காக நடந்தன. அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள், ஒடுக்கு எடுத்தார்கள், மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பார்த்தார்கள். தம்பி பட்டி பார்த்தால் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். என்ன, ஒரு காலர் முடிய ஒரு மாதம் ஆகும். என்ஜின்கூட ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் சாம்பல் நிற பிரைமர் அடித்து நிறுத்தியதுதான். அதற்குமேல் வேலை ஓர் அடி நகரவில்லை. தெருவில் வண்டிக்கு 'எருமை' என்று பெயர். கொட்டகை அலமாரியில் அவள் வாங்கிய நீல டின்னும் அவன் வாங்கிய பச்சை டின்னும் மூடி திறக்காமல் முறைத்துக்கொண்டு இருந்தன. தன் கட்சிக்கு ஆதாரமாக அவன் ஒரு பச்சை நூல்கண்டை ஆணியில் வேறு தொங்கவிட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சில் ஒயர்களோடு, போன வாரம்தான் சொன்னான்: "அக்கா, என்னைக் கண்ணாடி வண்டியில ஏத்திடாதே. மீன் தொட்டி மாதிரி இருக்கும். நம்ம எருமையிலேயே கொண்டுபோ."

"அப்ப என் பாதியிலதானே படுக்கணும்? செத்தாலும் ஏற மாட்டேன்னே?"

"ஏறித் தொலைக்கிறேன். பச்சை அடிச்சுடு."

"நீலம்."

அவன் சிரித்தான். ஒயர்கள் ஆடின. நர்ஸ் வந்து அக்காவை வெளியே போகச் சொன்னாள்.

"என்னம்மா இது?"

தேய்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். கொட்டகை வாசலில் அண்ணன் நின்றார். சலவை கலையாத வெள்ளைச் சட்டை. "உள்ள தம்பி கிடக்கான். நீ எருமையைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கே."

"இதுலதாண்ணே அவனைக் கொண்டுபோறோம்."

"கண்ணாடி வண்டி சொல்லியாச்சு. லைட்டு, ஏசி எல்லாம் இருக்கு."

"செத்தவனுக்கு வேர்க்குமாண்ணே?"

"விளையாடாதே. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு." அவர் வண்டியைப் பார்த்தார். அவர் குரல் தணிந்தது. தணிந்தபோதுதான் அது சுட்டது. "பாதியில விட்ட வண்டி இது. இதுல ஏத்திக்கிட்டுப் போய், இவன் வாழ்க்கையில ஒண்ணையும் முடிக்காமப் போனான்னு எல்லாருக்கும் காட்டணுமா?"

அக்கா வாட்டர் பேப்பரை வாளியில் போட்டாள். "சாயங்காலம் எடுக்கிறதுக்குள்ள முடிச்சுட்டா?"

"நீங்க ரெண்டு பேரும் எதையாச்சும் முடிச்சு நான் பாத்ததில்லை."

"முடிச்சுட்டா?"

"முடி. கண்ணாடி வண்டியை நானே திருப்பி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். ஜெயித்தவர் நடக்கிற நடை.

அவள் தம்பியின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கம்பிரசரைப் போட்டாள். அது சாவு வீடு என்பதெல்லாம் கம்பிரசருக்குத் தெரியாது. ஊரையே எழுப்புவதுபோலக் கத்தியது. கூடத்தில் அழுகை நின்றது. அதைவிடப் பெரிய சத்தம் வந்தால் அழுகைதான் என்ன செய்யும்? தம்பி மகன் ஓடிவந்தான். தாடி வளர்த்த, நல்ல வேலையில் இருக்கிற பிள்ளை.

"அத்தை, நிறுத்துங்க! எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. பெரியப்பா கத்தறாரு."

அவன் பின்னாலேயே அவன் அம்மா வந்தாள். நேற்று மதியத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். கம்பிரசரைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஓடட்டும்டா. ஞாயித்துக்கிழமைன்னா இந்தச் சத்தத்துலதான் உங்கப்பா தூங்குவாரு." முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நான் என்ன பண்ணட்டும்?"

"கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டு. டேய், நீ அம்மாவுக்கு டேப்பு கிழிச்சுக் குடு. நகத்தை வெச்சுக் கிழி, பல்லால கடிக்காதே."

அவர்கள் ஒட்ட ஆரம்பித்தார்கள். அக்கா தொட்டிக்கு வந்தாள். பின்கதவுச் சங்கிலியைப் பிடித்திருக்கும் தகடு ஒன்று இருந்தது. அதன் போல்ட்டு துருவேறி இறுகிப்போனதால் இத்தனை காலமும் அதைச் சுற்றியே தேய்த்துவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கு அப்படி விட மனமில்லை. எந்த மூலையிலும் 'முடிக்கவில்லை' என்று யாரும் விரல் வைக்கக் கூடாது. உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டாள். போல்ட்டு தெறித்தது. தகடு கையோடு வந்தது.

அதன் அடியில், தீப்பெட்டி அகலத்துக்கு, வெயிலே படாத பெயிண்ட்.

பச்சை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் பிள்ளையும் முன்கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணியிலிருந்த நூல்கண்டை எடுத்து வந்து, ஒரு முழம் பிரித்து, அந்தப் பச்சையின் மேல் வைத்தாள். நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தொட்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போகிற குழந்தைக்குச் சுற்றிலும் நீலமாகத் தெரிவது எதுவாக இருக்கும் என்று இத்தனை வயதுக்கு மேல் இப்போதுதான் தோன்றியது. கொட்டகைக் கூரையின் விளிம்புக்கு அப்பால் அண்ணாந்து பார்த்தாள். இன்றைக்கும் மேகமில்லை.

"அண்ணி, ஒட்டியாச்சு. எந்த டின்னைத் திறக்க?"

அக்கா தகட்டைப் பழைய இடத்திலேயே வைத்துப் புது போல்ட்டு போட்டு இறுக்கினாள். நூல்கண்டை ஆணியில் மாட்டினாள்.

"ரெண்டையும் திற. முன்னாடி பச்சை. பின்னாடி நீலம்."

"ரெண்டு கலரா?" என்றான் பிள்ளை. "பாக்கறவங்க சிரிப்பாங்க அத்தை."

"சிரிக்கட்டும். அவன் பாதிக்கு அவன் சொன்னது. என் பாதிக்கு நான் சொல்றதுதான். செத்துட்டா விட்டுக்குடுத்துடுவேன்னு நினைச்சானா?"

தம்பி மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானைக்குள் அது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேபினை அடித்தாள். கை தன்பாட்டுக்குப் போய் வந்தது. பக்கவாட்டில் ஒரு வீச்சு, அதன்மேல் பாதி ஏறினாற்போல் அடுத்த வீச்சு. இவ்வளவு வழவழப்பாக பட்டி பார்த்த பரப்பில் அவள் ஒரு பீரோவும் அடித்ததில்லை. ஒரு குழி, ஒரு கோடு, ஒரு மேடு கிடையாது. பளபளப்பு ஏற ஏற, அவன் மாதக்கணக்கில் தேய்த்ததெல்லாம் மேலே வந்து நின்றது. ஒன்றையும் முடிக்காதவனாம். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகை வாசலுக்கு வந்தார்கள். "அந்த ஓரத்துல விட்டுப்போச்சு பாருங்க" என்று ஒருவர் கை நீட்டினார். "அங்க டேப்பு இருக்குங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றாள் அக்கா. ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவி, நீலத்தை ஊற்றி, தொட்டியை அடிமட்டம் வரைக்கும் அடித்தாள். இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே, இரண்டு விரல் இடைவெளி. அது யார் பாதியும் இல்லை. அதைச் சாம்பலாகவே விட்டாள்.

வெயில் சாய்ந்தபோது அண்ணன் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்து கதவின் அடிவிளிம்பைக்கூடப் பார்த்தார். அப்புறம் கேபின் கதவருகே, காயாத பச்சையில் படாமல், அதில் தன் முகம் தெரிகிற தூரத்தில் நின்றார்.

"ரெண்டு கலர்ல இருக்கு" என்றார்.

"ரெண்டு பேருண்ணே."

அவர் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். "இல்லப்பா, வேண்டாம். வீட்டு வண்டி இருக்கு" என்று சொல்வது கேட்டது.

பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது, சாய்ந்தால் ஒட்டும். அதைச் சொல்லத்தான் நேரமில்லை. தம்பியைச் சவப்பெட்டிக்கு மாற்றித் தூக்கி வந்தார்கள். பின்கதவைத் திறந்து உள்ளே தள்ளினார்கள். அண்ணன்தான் தலைமாட்டில் பிடித்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் சட்டையின் வயிற்றில் அகலமாக ஒரு நீலம். அவர் குனிந்து பார்க்கவில்லை.

தம்பியின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா கேபினில் ஏறினாள். பக்கத்து சீட்டில் தம்பி மகன். அண்ணனும் மற்றவர்களும் பின்னால் நடந்து வர, வண்டி நடை வேகத்தில் தெருவைக் கடந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "எருமை புதுச்சட்டை போட்டிருக்குடா" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் தட்டி அடக்கினார். அக்கா ஹாரனை ஒருமுறை அழுத்தினாள். அவன் பாதியின் ஹாரன். அவனைக் கேட்டுவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பெட்டியை இழுத்து இறக்கினார்கள், குழிக்குள் இறக்கினார்கள், மண் தள்ளினார்கள். கூட்டம் கலைந்து வாசலுக்கு நடந்தது. அக்கா வண்டியின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தம்பி மகன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"அத்தை, ஒண்ணு கேட்கட்டுமா? தாத்தா காலத்துல நிஜமா என்ன கலர்தான் இருந்துச்சு?"

"நீலம்" என்றாள் அக்கா.

"அப்பா கடைசிவரைக்கும் பச்சைன்னாரே?"

"உங்கப்பனுக்கு என்ன தெரியும்? ஏறு வண்டியில."

அவள் கதவை விட்டு விலகினாள். புடவை பெயர்ந்து வந்தது. முதுகு முழுக்கப் பச்சை. அவன் அதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் சுற்றிப் போனான். பின்கதவைச் சாத்தப் போனவள் தொட்டியைப் பார்த்து நின்றாள். பெட்டியை இழுத்த இடத்தில் நீலம் உரிந்து, நீளமாக இரண்டு சாம்பல் கோடுகள். உரிந்தது தொட்டியில் எங்கும் இல்லை. பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அவனோடு போயிருந்தது.

"அத்தை, நான் சாத்தட்டுமா?"

"மெதுவா" என்றாள் அவள். "இன்னும் காயலை."