கேப்டன் இடித்த ரோடு

கேப்டன் வேணுகோபால் கவுன்சிலரான பிறகு, சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வார்டுக்காரர்கள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். காலை ஐந்தரைக்குப் பளபளக்கும் பூட்ஸோடு தெருமுனையில் நிற்பார். ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வரவேண்டும், ஆறுக்குக் குப்பை வண்டி வரவேண்டும். வராவிட்டால் கத்தமாட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார். அந்த நோட்டுக்குப் பயந்தே பாதி வேலை நடந்தது.

முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பதினெட்டு வயதில் ராணுவத்தில் ரோடு போடும், பாலம் கட்டும் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். முப்பது வருஷம் மலையிலும் மணலிலும் உழைத்துக் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார். மனைவி தேவகியின் ஊர் என்பதால் இங்கே குடியேறினார். "வூட்ல உக்காந்து எனக்கு ஆர்டர் போடறத ஊருக்குப் போடுங்க" என்று தேவகிதான் அவரைத் தேர்தலில் நிற்கவைத்தாள். ஜெயித்தும் விட்டார். உண்மையைச் சொன்னால், எல்லையில் நின்ற காலத்தைவிடக் குழாயடியில் நின்று தண்ணீர் வருவதைப் பார்க்கிற இந்தக் காலம்தான் அந்த மனிதருக்கு இனித்தது.

அப்பேர்ப்பட்டவர் கையில் மூங்கில்காரத் தெரு ரோடு வந்து சேர்ந்தால் விடுவாரா? பதினெட்டு நெசவு வீடுகள் இருக்கிற சின்னத் தெரு அது. குண்டும் குழியுமாகக் கிடந்ததைச் சிமெண்டு ரோடாக்க உத்தரவு வந்ததும் கான்ட்ராக்டர் பாண்டியனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூபை வைத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மட்டம் பார்த்தார்.

"ரோடுன்னா ஒசரமா இருக்கணும் பாண்டியா. அப்பதான் தண்ணி தேங்காது. பழைய ரோடு மேலயே ஜல்லியக் கொட்டு. ஒரு சாண் ஏத்திடு" என்றார்.

மூன்றாவது வீட்டுக் காந்தா அப்போதே வந்து சொன்னாள். முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவள், அதிகம் பேசமாட்டாள். "ரோட்ட ஒசத்தாதீங்க சார். எங்க வூட்ல எல்லாம் தரையில பள்ளம் தோண்டிப் போட்ட குழித்தறி இருக்குது. தண்ணி உள்ள எறங்கிடும்."

"தண்ணி ஓரத்துக் கால்வாயில எறங்கிடும்மா. கவலப்படாத."

மலையில் அது சரியான கணக்குத்தான். அங்கே ரோட்டுக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு இருக்கும், பள்ளத்தாக்கில் யாரும் தறி போட்டிருக்கமாட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எத்தனை ஆற்றங்கரையில் எத்தனை ஜவான்களிடம் சொல்லியிருப்பார்! இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்க்கவில்லை.

ரோடு முடிந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு விழா என்று அழைப்பிதழ் போனது. கேப்டன் பெயரைச் செதுக்கிய கருங்கல் பலகையும் வந்து இறங்கியது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கோடை மழை பெய்தது. அரைமணிதான். மழை விட்டதும் காந்தா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்த முகமில்லை.

"கொஞ்சம் வூட்டாண்ட வந்துட்டுப் போங்க சார். அந்த மட்டம் பாக்கற ட்யூபையும் எடுத்துக்கினு வாங்க."

தறியில் அரக்குச் சேலை ஒன்று பாதி நெய்து நின்றது. நல்லவேளை, பட்டு நனையவில்லை. ஆனால் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகை மிதிக்கும் குழியில் கணுக்காலளவு செந்தண்ணீர் கிடந்தது.

"எறங்கி உக்காருங்க சார்" என்றாள் காந்தா.

கேப்டன் பூட்ஸைக் கழற்றினார். தறிக்குழியில் காலை விட்டு, அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ட்யூபின் ஒரு முனையைக் கூட வந்திருந்த பாண்டியன் வெளியே ரோட்டின் மேல் பிடித்தான். மறுமுனை கேப்டன் கையில் இருந்தது. ட்யூபில் தண்ணீர் ஆடி ஆடி, அவர் தொப்புளுக்கு நேரே வந்து நின்றது. அதுதான் வெளியே ரோட்டின் உயரம்.

"இது கோட மழதான் சார். ஐப்பசியில ரோட்டு மேல தண்ணி நின்னா, உள்ள எதுவரிக்கும் வரும்னு நீங்களே பாத்துக்கோங்க. பதினெட்டுக் குழியும் ரொம்பிடும். தறி நின்னுடும். நாங்க எங்க போறது?"

முப்பது வருஷம் அவர் நம்பிய மட்டம் அது, பொய் சொல்லாது. வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்மணி முதலிலேயே சொன்னாளே, காது கொடுத்துக் கேட்டோமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் காபியைத் தொடவில்லை. தேவகி விஷயத்தைக் கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இடிச்சா ஊரு சிரிக்குமேன்னு பாக்கறீங்களா?"

"வச்ச கால பின்னால வச்சதில்ல தேவகி."

"ஏன், ஒருவாட்டி உங்க ஆளுங்க கூடாரத்தையே பேத்துக்கினு ராவோட ராவா கீழ வந்தீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

"அது பின்வாங்கல் இல்ல. வேற நிலைக்கு நகர்றது."

"அப்ப ரோட்டையும் கொஞ்சம் கீழ நகத்துங்க. காபி ஆறுது."

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய், தவறு தன்னுடையது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்து, வேலையைத் திருத்த உத்தரவு வாங்கினார். பாண்டியன்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். "தான் போட்ட ரோட்டத் தானே இடிச்ச கவுன்சிலரு எந்த ஊர்லயும் கெடையாது கேப்டன். அழைப்பிதழ் வேற போயிடுச்சி."

"போனா போகட்டும். பத்து மணிக்கு விழான்னா பத்து மணிக்கு விழா."

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா இருந்தது, நாற்காலி இருந்தது, தட்டில் மைசூர்பாகும் இருந்தது. ரிப்பனைக் காணோம். சரியாகப் பத்து மணிக்குக் கேப்டன் எழுந்து, "காந்தாம்மா முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கல" என்று ஒரே வரியில் பேசி முடித்து, கடப்பாரையை ஓங்கி ரோட்டில் முதல் போடு போட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறவர்களைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இவர் மீசையில் ஒட்டிய மண்ணைத் தானே காட்டினார். முதலில் சிரித்தது தெரு. பிறகு நெசவுக்காரர்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மைசூர்பாகு பதினொரு மணிக்குள் தீர்ந்தது.

புது ரோடு வாசற்படிகளுக்கு ஒரு முழம் கீழே படுத்தது. கால்வாயும் ஆழமானது. மிச்சமாக நின்றது அந்தக் கருங்கல் பலகைதான். காந்தா வீட்டு வாசலில் கால்வாயைத் தாண்ட ஒரு கல் தேவைப்பட்டது. கேப்டன் தானே அதைத் தூக்கிவந்து, எழுத்து கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டார்.

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் குடையோடு அந்தக் கல்லின் மேல் வந்து நின்றார். தெருத் தண்ணீரெல்லாம் காலுக்கடியில் கால்வாயில் சுழித்துக்கொண்டு ஓடியது. உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். குழி காய்ந்து கிடந்தது. அரக்குச் சேலை போய், இப்போது கிளிப்பச்சை ஏறியிருந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தப் பதக்கம் குத்தியபோதும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

காந்தா மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "பேரு போட்ட கல்லக் கவுத்துட்டோமேன்னு வருத்தமா சார்?"

"அதெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?"

"இன்னா சார் இப்பிடிச் சொல்லிட்டீங்க? மூணு நாளா மழத்தண்ணி அதப் படிச்சிக்கினேதான போவுது" என்றாள்.

கேப்டன் கல்லை விட்டு இறங்கி நின்று, பையிலிருந்து நோட்டை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லை. திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.