மாலை போட்ட படம்

உமாராணிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசிமுனை ஓட்டையைக்கூடத் தப்பவிடமாட்டாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. எதிர்வீட்டுக் கார் ஏன் நகரவே இல்லை, கோயில் பொங்கலில் இந்த வாரம் முந்திரியை ஏன் காணோம் என்று எதையாவது துருவிக்கொண்டே இருப்பாள். புருஷன் மணியம் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டே குடும்பம் நடத்திவிட்டான்.

ஆற்றைச் சுத்தம் செய்கிற கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப் பணியில் அவள் சேர்ந்ததும் இந்தத் துருவலால்தான். அவள் குடியிருக்கும் பாக்கார் ஆராங் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் ஜனங்கள் அப்படி என்னதான் போடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பார்த்தாள். மெத்தை, டயர், பேம்பர்ஸ், ஒருமுறை முழுசாக ஒரு கழிப்பறைக் கோப்பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று ஒரு கூட்டம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கும். வாரியதைக் கரையில் கொட்டிப் பிரிப்பார்கள். காகிதம் நீலச் சாக்கில், கண்ணாடி பழுப்புச் சாக்கில், பிளாஸ்டிக் ஆரஞ்சுச் சாக்கில், எதிலும் சேராதது கறுப்புப் பையில். எது எதில் என்று உமாராணியைத்தான் கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழி பிரிஜெட் பாலத்தடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து வந்தாள். இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தால், கண்ணாடி போட்ட ஒரு படம். நடுவகிடு எடுத்து, மீசையை முறுக்கிவிட்ட ஆண். சட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலை. ஓரத்தில் தண்ணீர் ஏறியிருந்தாலும் முகம் கெடவில்லை. பைக்குள் அரைச் செங்கல் ஒன்றும் இருந்தது.

"செத்தவரு படம்டி இது. கல்லு எதுக்கு உள்ள?" என்றாள் பிரிஜெட்.

"ஆத்துல கல்லுக்கா பஞ்சம்? எப்படியாச்சும் உள்ள போயிருக்கும்லா."

முடிச்சுப் போட்ட பைக்குள் கல் எப்படித் தானாகப் போகும்? முந்திரியைத் தேடியவள் இதைக் கேட்கவில்லை. காரணம் இருந்தது. உமாராணி தவழ்கிற வயதில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அவளுடைய அப்பா இறந்துபோனார். இருந்த ஒரே படத்தையும் கரையான் அரித்துவிட்டதாக அம்மா சொல்வாள். அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று, இந்த மூக்கு அம்மாவுடையது இல்லையே, அப்படியானால் அவருடையதாக இருக்குமோ என்று இந்த வயதிலும் பார்ப்பாள். யாரோ ஒரு மகள் இந்தப் படத்தைத் தொலைத்துவிட்டு எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தனக்குத்தான் கிடைக்கவில்லை, அவளுக்காவது கிடைக்கட்டும். அதன் பிறகு செங்கல்லாவது ஒன்றாவது!

படத்தைத் துடைத்துக் காயவைத்து, கைப்பேசியில் பிடித்து, கோயில் வாட்சாப் குழுவில் போட்டாள். பதில்கள் வந்து குவிந்தன. ஒருவருக்கு அது அவருடைய சித்தப்பா. இன்னொருவருக்கு மீசை மட்டும் மாமாவுடையது. பிரிஜெட் தன் மாதாகோயில் ஆட்களிடமும் காட்டினாள். அவர்கள் ஜெபம் செய்வதாகச் சொன்னார்கள்.

"ஆத்துல போனத ஆத்தோட விடு," என்றான் மணியம். "ம்"முக்கு மேல் அவன் பேசியது அபூர்வம். உமாராணி காதில் வாங்கினால்தானே.

கடைசியில் துப்பு கிடைத்தது கடைவரிசையில் முடிவெட்டும் காளிதாசனிடம். அவர் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். படத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தோட்டத்துல ரப்பர் பால் லோரி ஓட்டுன அய்யாவு. செத்து எத்தனையோ வருசம் ஆச்சே. எங்க கிடைச்சுச்சு?"

"ஆத்துலண்ணே. வீட்டுக்காரங்க எங்க இருக்காங்க?"

காளிதாசன் ஒருமாதிரி அவளைப் பார்த்தார். "சம்சாரம் மருதம்மா, இங்கதான், சின்னப் பள்ளிவாசல் சூராவுக்குப் பின்னால. மகன்கூட இருக்கு. கரிபாப் போட்டு விக்கும். கொண்டுபோய்க் குடுத்தே ஆகணுமா தங்கச்சி?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க! அவங்க எப்படித் துடிச்சுப் போயிருப்பாங்க!"

அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்த கையோடு, படத்தை நல்ல துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் நின்று எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே கேட்கவில்லை. பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தால், மருதம்மாள் அடுக்களையில் உட்கார்ந்து, மாவுக்குள் கிழங்கு மசாலா வைத்துக் கரிபாப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"யாரும்மா? கரிபாப் வேணுமா?"

"இல்லம்மா. உங்க பொருள் ஒண்ணு ஆத்துல கிடைச்சுச்சு." உமாராணி துணியைப் பிரித்தாள். அந்தக் கண்ணில் வரப்போகிற கண்ணீருக்காக, சுற்றிவந்த துணியை முன்கூட்டியே தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

மருதம்மாள் கையை மாவில் வைத்தபடியே படத்தைப் பார்த்தார். அழவில்லை.

"கல்லு வச்சுத்தானே கட்டுனேன்," என்றார். "அப்பவும் மேல வந்துட்டானா?"

உமாராணிக்குப் பிறர் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"உக்காரு. ஒன் மேல தப்பில்ல." மருதம்மாள் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல எனக்குக் கேக்காது. அவன் குடுத்த அறை. அவன் சாவுறப்ப எம்மவன் திவாகரன் கைப்புள்ள, ஒண்ணும் தெரியாது. வளந்ததும் அவன்தான் இத பெருசாக்கி மாட்டுனான். தெனம் காலையில, அம்மா, அப்பாவுக்குப் பத்தி கொளுத்துனீங்களான்னு கேப்பான். நானும் கொளுத்துனேன். இத்தன வருசமும் கொளுத்துனேன். போன மாசம் ஒருநாள் தீக்குச்சிய உரசுனேன், கை போகமாட்டேங்குது. போதும்னு எறக்கிட்டேன்."

"மகன் கேக்கலியா?"

"கேக்காம? கரையான் அரிச்சிருச்சுய்யா, தூக்கிப் போட்டுட்டேன்னேன். அவனுக்கு அப்பா நல்லவராவே இருக்கட்டும். எனக்கு அது போதும்."

"கரையானா?" என்றாள் உமாராணி.

"என்னம்மா, மொகம் வெளுத்துப் போச்சு? தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"அப்ப இத எடுத்துட்டுப் போயிரு. ஆறு மணிக்கு மகன் வந்துருவான். ஆத்துல வாருறத எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் போடுவீங்களாமே, அப்படியே போட்டுரு. ஆத்துல போட்டது தப்புதான். எங்க போடுறதுன்னு தெரியாமத்தான் போட்டேன்."

உமாராணி ஒரு கத்தி கேட்டு வாங்கினாள். கம்பியை முறுக்கி மாலையை எடுத்தாள், அது பிளாஸ்டிக். கண்ணாடியை உருவிப் பழைய நாளிதழில் சுற்றினாள். சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினாள். கடைசியில் கையில் மிஞ்சியது அந்த ஆள் மட்டும்தான். சட்டமும் மாலையும் போனபின் சாதாரணமாக, கொஞ்சம் பயந்தவர்போலக்கூட இருந்தார்.

"காயிதம் எதுலம்மா?" என்றார் மருதம்மாள்.

"காயிதம் நீலச் சாக்குல. ஆனா ஃபோட்டோத்தாள் அதுல போகாதும்மா." உமாராணியின் குரல் இறங்கிவிட்டது. "இது எதுலயும் சேராது. கறுப்புப் பைதான்."

மருதம்மாள் எழுந்து, தொட்டிக்கு அடியிலிருந்து கறுப்புப் பை ஒன்றைத் தானே உருவிக்கொண்டு வந்து, வாயை அகலமாகப் பிரித்துப் பிடித்தார். உமாராணி போட்டாள். கிளம்பும்போது மருதம்மாள் அவளுக்குச் சூடாகக் கரிபாப் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலிங்கிலிருந்து வழக்கம்போல அம்மா போனில் கூப்பிட்டாள். அம்மா தங்கியிருக்கும் அண்ணன் வீட்டில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் ஆத்துல என்னடி கிடைச்சுச்சு?" வாராவாரம் அம்மா ஆசையாகக் கேட்பது அதைத்தான்.

உமாராணி கைப்பேசியோடு வாசலுக்கு வந்தாள். கேட்காமல் விட்டுவிடலாம் என்று அன்று வரைக்கும் நினைத்திருந்தாள். அவளால் முடிந்தால்தானே.

"அம்மா, அப்பா படத்த அரிச்சது கரையான்தானாம்மா?"

அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். 

"ஒனக்கு யாருடி சொன்னா?" என்றாள் அம்மா.