பின்பெட்டிக்குப் போன பெயர்

1

இந்தக் கதை அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இலையில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை லீலாவதி. என் மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றதும், "டேட்டாபேஸ்னு சொல்றாங்களே, அதை நான் அப்பவே அட்டையில செஞ்சேங்க" என்று ஆரம்பித்தார். பாயசம் வரும்வரை நிறுத்தவில்லை.

முதலில் இப்படி எழுதினேன்: 1983இல் செந்துறையை நனைத்த ஓர் அடைமழை நாளில்...

(அடித்துவிட்டேன். மழைக்கு ஏங்கும் பூமி அது, ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

2

லீலாவதிக்குச் செந்துறைப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் வகுப்போடு ஆபீஸ் வேலையும் சேர்ந்திருந்தது. (பந்தியில் அவர், கதைக்குள் இளம்பெண், அதனால் அவள்.) ஒரு பிள்ளையின் வருகையைத் தேட வருடவாரியாக ரிஜிஸ்டர்களைப் புரட்ட வேண்டும். சான்றிதழுக்கு வந்தவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றார்கள். அது பொறுக்காமல்தான் யோசித்தாள். பிள்ளைக்கு ஓர் அட்டை, ஊர்வாரியாக, அகரவரிசையில்.

அட்டைகள் பெருகியதும் தேடல் மறுபடி மந்தமானது. மாதம் முழுக்க வராத பிள்ளையின் அட்டை பின்பெட்டிக்குப் போகட்டும் என்று விதி வைத்தாள். முன்பெட்டி இலேசானது. கேட்ட பெயர் கேட்ட கையோடு வந்தது. தலைமையாசிரியர் தர்மராஜுக்குப் பெருமை. தினமும் பெயர் கூப்பிடுவதற்கும் மதியச் சாப்பாட்டுக்கும் முன்பெட்டியைப் பார்த்தே பட்டியல் எழுதச் சொல்லிவிட்டார்.

(இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. நல்ல மனிதர்.)

3

ஐந்தாம் வகுப்பு மலர்க்கொடி, கடலை பிடுங்க அம்மா மருதாயியோடு வெளியூர் போய், ஒரு மாதத்துக்குமேல் கழித்துத் திரும்பியிருந்தாள். காலையில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. மதியம் தட்டோடு நின்றவளை ஆயா தள்ளி நிற்கச் சொன்னாள். மறுநாளும் அப்படியே. அதற்குப்பின் அவள் வரவில்லை. எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த லீலாவதிக்கு இது எதுவும் தெரியாது.

லீலாவதி அரியலூர் பஸ்ஸுக்கு நின்றபோது மருதாயிதான் வந்து கேட்டாள்.

"எம்பொண்ணு பேரை எதுக்குங்க டீச்சர் எடுத்துட்டீங்க?"

யாரும் எடுக்கவில்லை என்றாள் லீலாவதி.

"எல்லாப் பேரையும் கூப்புட்டாங்களாம், இது பேரத் தவிர. அப்ப நான் அங்க இல்லியாம்மான்னு கேக்குதுங்க."

பஸ் வந்தது, போனது. லீலாவதி ஏறவில்லை. பள்ளிக்குத் திரும்பிப் பின்பெட்டியைத் திறந்தாள். ஊர் மாறிப் போனவர்களின் அட்டைகள்தான் அதில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் கடலைக்கும் கரும்புக்கும் போன வீட்டுப் பிள்ளைகள். எல்லாம் அவள் கையெழுத்து.

4

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் அவள் அழுகிறாள். (பந்தியில் அவர் அழவில்லை.) இன்னொன்றில் அதிகாரி வந்து...

நடந்தது இவ்வளவுதான். இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கலந்தாள். தேட நேரமாகுமே என்று தர்மராஜ் தயங்கினார்.

"ஆகட்டும் சார். உக்காந்து தேடறேன்."

பிறகு மருதாயி வீட்டுக்குப் போய், நாளைக்கு அனுப்பச் சொன்னாள். மலர்க்கொடி கதவுக்குப் பின்னால் நின்றாள், முகம் காட்டவில்லை. மறுநாள் ஐந்தாம் வகுப்புக்கு லீலாவதியே பெயர் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் வந்தாளா என்று கேட்டேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அந்தக் குரல் என்னுடையதாக இருந்தது. அடித்துவிட்டேன்.

பெயரைக் கூப்பிட்டாயிற்று. லீலாவதி நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறாள். அதற்குமேல் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.