சரிபார்த்தேன், பிழை இல்லை

திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் வசுந்தரா டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கட்சி எதுவானாலும் அதே புலி, அதே சிவப்பு மேகம். ஆளை மாற்றினால் போதும். பதினோரு மாதத்துக்கு முன்பு தன் கணவர் துளசிராமின் கண்ணீர் அஞ்சலியையும் அவளேதான் செய்தாள். அதில் புலியை மட்டும் வைக்கவில்லை.

துளசிராம் கொட்டாம்பட்டியில் ஓவிய ஆசிரியர். தினமும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒரு காலையில் அந்த டீக்கடையே வெடித்தது. போலீஸார் கேஸ் சிலிண்டர் என்று எழுதி, கவனக்குறைவு என்று கடைக்காரி சீனியம்மாள் மேலேயே வழக்குப் போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வசுந்தராவிடம் சொன்னாள்: "யாரோ ஒரு பச்சைப் பைய விட்டுட்டுப் பஸ் ஏறிட்டாங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரு, 'தம்பி, பை, பை'ன்னு தூக்கிக்கிட்டு ஓடுனாரு. அம்புட்டுத்தான்." அதை வசுந்தரா நம்பினாள். எழுதிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

முதலாளி சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள்.

"அக்கா, பத்துக்கு இருபது ஒண்ணு அடிக்கணும். முதலாம் ஆண்டு வெற்றி விழா," என்றான் சிவப்புத் துண்டு போட்டவன்.

"என்ன வெற்றி தம்பி? கபடியா?"

அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "தென்னாட்டு மீட்புப் படை. ரகசிய இயக்கம்."

"ரகசியத்துக்கு எதுக்கு ஃப்ளெக்ஸு?"

"பின்ன? மாட்டுத்தாவணியில வெடிச்சது எங்க குண்டுக்கா. சிலிண்டருன்னு பேப்பர்ல போட்டுட்டானுங்க. வெளிய தலகாட்ட முடியல. எம் மச்சினனே நம்ப மாட்டேங்குறான்."

வசுந்தராவின் கையில் மவுஸ் நின்றது. "டீக்கடையிலயா வச்சீங்க?"

"வைக்க நெனச்சது டோல்கேட்டுல. பஸ்ஸுக்கு நின்ன எடத்துல இந்தப் பேச்சிமுத்துப் பய..."

"வடை சூடா இருந்துச்சுண்ணே," என்றான் பேச்சிமுத்து. "சட்னி வேற. ரெண்டு கையும் வேணுமா இல்லையா? பைய பெஞ்சுக்கடியில வச்சேன். பஸ் வந்துருச்சு."

"பை என்ன கலரு? படம் வைக்கணும்ல."

"பச்சைக்கா. ரெக்சின்."

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவள் உள்ளே போனாள். ஃப்ளெக்ஸ் அறுக்கும் கத்தி மேஜையில் கிடந்தது. எடுத்தாள், பார்த்தாள். வெளியே மூன்று பேர், கையில் ஒரே கத்தி. அதை வைத்துவிட்டு முகம் கழுவி வந்து புதுப் பக்கம் திறந்தாள்.

"பேரு சொல்லுங்க."

"தளபதி மாறன்வேங்கை," என்றான் சிவப்புத் துண்டு.

"இது இயக்கப் பேரு. ஒங்க மச்சினனுக்கு யாருன்னு தெரியுமா?"

அவன் யோசித்தான். "நெசப் பேரும் போட்டுருங்க. சிவபாண்டி."

மாறன்வேங்கை (எ) சிவபாண்டி என்று தட்டினாள். சீனியம்மாள் மேல் போட்ட குற்றப்பத்திரிகையிலும் பெயரை இப்படித்தான் எழுதியிருந்தார்கள். குண்டு செய்தவன் கருந்தேள் (எ) தவசி. சுமந்தவன் இடிமுரசு (எ) பேச்சிமுத்து. ஊர், செல் நம்பர் எல்லாம் கேட்டாள். அது இல்லாமல் பாராட்ட நினைப்பவர்கள் எங்கே கூப்பிடுவார்கள் என்றாள்.

அடுத்து, அவர்கள் செல்லிலிருந்து அனுப்பிய படங்களை வைத்ததும் சண்டை.

"அண்ணே, குண்டு செஞ்சது நானு. என் மூஞ்சி தீப்பெட்டி சைஸுல இருக்கு," என்றான் தவசி.

"தளபதி படம் பெருசாத்தான்டா இருக்கும்."

"ஒங்க பெருச வச்சுக்கங்க. அந்தப் புலிய எம் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

வசுந்தரா புலியைத் திருப்பினாள். "செத்தவர் ஒருத்தர் உண்டுல்ல? அவர் பேரு?"

"அது எவனோ. 'எதிரி ஒருவன்'னு போடுங்க," என்றான் சிவபாண்டி.

அவள் தட்டினாள்: 'பையைத் திருப்பிக் கொடுக்க ஓடி வந்த துளசிராம், வயது 41, ஓவிய ஆசிரியர், எங்கள் குண்டால் உயிரிழந்தார்.' அடியில் தேதி, நேரம், இடம். பெரிய எழுத்திலேயே வைத்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் பெயர் விட்டுப்போய்க் கல்யாண மண்டபத்தில் அடிதடி நடந்த பிறகு, தாளில் மாதிரி எடுத்து, 'சரிபார்த்தேன், பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் எதையும் அடிப்பதில்லை. மூன்று பிரதி எடுத்து நீட்டினாள்.

"நல்லாப் படிச்சுப் பாத்துருங்க. பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

சிவபாண்டி தன் மீசையைப் பார்த்தான். தவசி புலியைப் பார்த்தான். பேச்சிமுத்து கூலிங் கிளாஸ் நேராக இருக்கிறதா என்று பார்த்தான். மூன்று பேரும் ஒன்பது கையெழுத்துப் போட்டார்கள்.

"கீழ போலீஸ் பர்மிஷன் நம்பர் வரணும்," என்றாள் வசுந்தரா. "இல்லாட்டி கட்டுன ஒடனே கிழிச்சுருவாங்க."

"படையோட ஃப்ளெக்ஸக் கிழிச்சா அசிங்கம்ண்ணே," என்றான் தவசி.

"ஒரு பிரதிய ஸ்டேஷன்ல குடுங்க. மூணு பேருமா நேர்ல போனாத்தான் ஒடனே கெடைக்கும். சட்டைய உள்ள விட்டுட்டுப் போங்க தம்பி, மரியாதையா இருக்கும்."

சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனார்கள். மற்ற இரண்டு பிரதிகளையும் அவள் கைப்பையில் வைத்தாள். ஒன்று சீனியம்மாளின் வக்கீலுக்கு.

ஒரு மணி நேரத்தில் கடை போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர்.

"இத டிசைன் பண்ணது யாரும்மா? துளசிராம்னு ஒரு பேரு இருக்கே, அது எப்படித் தெரியும்?"

"நான்தான் சார். அவரு என் வீட்டுக்காரரு."

"மூணு பேரையும் உள்ள வச்சிருக்கேன். மாட்டுத்தாவணியில சிலிண்டர்னு எழுதுன ஃபைலத் தேடச் சொல்லிருக்கேன்," என்றார். பிறகு, "அந்த ஃப்ளெக்ஸ அடிச்சுற வேண்டாம்மா."

"ஓடிக்கிட்டு இருக்கு சார். கையெழுத்துப் போட்ட ஆர்டரு."

அதை அவள் ரோட்டில் கட்டவில்லை. சீனியம்மாள் மேல் இருந்த வழக்கு தள்ளுபடியான மாதம், அவளுடைய புது டீக்கடைக்கு அதுவே கூரையானது. வசுந்தராவே ஏணியில் ஏறி, முகங்கள் உள்பக்கம் வரும்படி கட்டினாள். மூங்கிலை இரண்டு முறை நகர்த்தினாள், வடைச் சட்டிக்கு நேர் மேலே பேச்சிமுத்து வரும் வரைக்கும்.

ஒரு மாதத்தில் எண்ணெய்ப் புகை மூன்று பேரையும் கறுப்பாக்கிவிட்டது. துளசிராமின் பெயர் இருந்த இடத்தை மட்டும் வாரம் ஒருமுறை வசுந்தரா போய்த் துடைத்துவிட்டு வருகிறாள்.