கத்துகிறவனுக்கு முதல் கட்டில்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என் தங்கையை ஒருவன் அறைந்துவிட்டான். அவளைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

முதல் வரி: 'வெள்ளை உடையில் அவள் ஒரு தேவதையைப்போல...'

(அடித்துவிட்டேன். தங்கை எட்டிப் பார்த்துவிட்டாள். "தேவதைக்குச் சம்பளம் வேணாம், தூக்கம் வேணாம், அறைஞ்சாலும் வலிக்காது. அதுக்குத்தான் எல்லாரும் எங்களை அப்படிச் சொல்றாங்க. நீயுமாக்கா?")

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன். விரலில் வெட்டுப்பட்ட ஒருவன் கூடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். பைக்கிலிருந்து விழுந்த பெண் ஒருத்தி, மேலுக்கு ஒரு கீறலும் இல்லாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை நேரே அவளிடம் போனாள். நாடி மெலிந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று பயந்து டாக்டரைக் கூப்பிட்டாள். அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவளை, "முதல்ல வந்தது நான். அவளைப் போய்ப் பாக்குறியா?" என்று அறைந்தான் விரல்காரன்.

(இடைக்குறிப்பு: அவள் வேலையின் அரிச்சுவடியே இதுதான். "கத்துறவனுக்கு மூச்சு இருக்குக்கா. சத்தமே இல்லாம உக்காந்திருக்காங்க பாரு, அவங்களைத்தான் முதல்ல பாக்கணும்.")

4

பெரிய டாக்டரை வில்லனாக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மனுஷன் டீ வாங்கிக்கொடுத்துத்தான் பேசினாராம். "அவர் பெரிய இடம்மா. நாளைக்கு வருவார், ஒரு சாரி சொல்லிடு. இல்லன்னா உன்னை வேற வார்டுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வழியில்ல."

(வெட்டுப்பட்டது சுண்டுவிரல். இடம் மட்டும் பெரிது.)

"பொம்பளைப் பிள்ளைக்கு ரத்தமும் ரகளையும் எதுக்கு?" என்ற அப்பாவிடம் மல்லுக்கட்டி அந்தப் பிரிவில் சேர்ந்தவள் அவள். வேறு வார்டாம்! பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

5

முடிவு ஒன்று: சாரி சொல்கிறாள். சீ.

முடிவு இரண்டு: திருப்பி அறைகிறாள். எழுத எழுத இனித்தது. படித்துக் காட்டினேன். "நாளைக்கு அங்க போய் நிக்கப்போறது நான்தானே, நீ இல்லியே" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்விட்டாள்.

முடிவு மூன்று: கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அவன் முகத்தைப் பார்த்து

இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். தங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உடைகூட மாற்றவில்லை. கன்னத்தில் தடிப்பு இன்னும் இறங்கவில்லை. அழவுமில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லக்கா."

முதல் வரியிலிருந்து கத்திக்கொண்டிருப்பது நான்தான். எனக்கு மூச்சு இருக்கிறது, நான் காத்திருக்கலாம். நாளை அவள் என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுந்து அவளிடம் போகிறேன்.