வீட்டுக்காரர் நம்பர்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சவூதி தம்மாமிலிருந்து புருஷன் ஹசன் அலி வீடியோ காலில் பேசுவான். அன்றைக்கு அவன் கூப்பிடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் வந்து நின்றது. மேலே சூஃபியாவின் பெயர், கீழே ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பாம்பன் வீட்டு அடுப்படியில் சூஃபியா அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தப்பு அவளுடையதுதான். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் அனுப்ப நம்பர் கேட்டதும் வாய் தானாக அவன் நம்பரைச் சொல்லிவிட்டது. கேஸ் சிலிண்டரா, பள்ளிக்கூடமா, ரேஷன் கார்டா, பதிமூணு வருஷமாக எல்லா ஃபாரத்திலும் வீட்டுக்காரர் நம்பர்தான். பாழாய்ப்போன பழக்கம்.

நேற்று டாக்டரம்மா பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். “இந்த எச்.பி.வி. கிருமியில பல வகை இருக்கும்மா. உனக்கு இருக்கது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் போற வகை இல்ல. சிலருக்கு மரு வரும், பலருக்கு அதுவும் வராது. பெரும்பாலும் ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிரும்.” கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. தாம்பத்தியத்தில்தான் ஒட்டும் என்றதும் அந்த நிம்மதி போய்விட்டது.

ஃபோன் அடித்தது. சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். கட்டிலில் படுத்திருந்த ஹசன் அலி சிரிக்கவில்லை.

“நான் இங்கன வந்து பதினாலு மாசமாச்சு, சூஃபியா.”

“தெரியும் மச்சான்.”

“பெறகு இது எங்கிட்டிருந்து வந்துச்சு?”

இந்தப் பதினாலு மாசமும் கடைத்தெருவுக்குக்கூட மாமியோடுதான் போய்வந்தாள். அதை இப்போது ஒப்பிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆத்திரமாக வந்தது.

“எங்கிட்டிருந்து, எப்பன்னு டெஸ்டுல தெரியாதாம். வருஷக்கணக்கா உடம்புக்குள்ள சத்தமில்லாம கெடக்குமாம். எனக்கு உங்களத் தவிர யாரு மச்சான்?”

அத்தா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லிவிடுவானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் கோபத்தைக் காணோம்.

“வருஷக்கணக்கான்னா... நம்ம நிக்காஹ்வுக்கு முந்தியிருந்தே இருக்குமா?”

அவன் குரல் இவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை. நிக்காஹ்வுக்கு முந்தி அவன் பம்பாயில் நாலு வருஷம் இருந்தான். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

“இருக்கலாமாம்.”

“சரி, டூட்டிக்கு நேரமாச்சு. வைக்கவா?”

வெள்ளிக்கிழமை அவனுக்கு டூட்டி கிடையாது.

“வைக்காதீங்க மச்சான்.”

வைக்கவில்லை. ஃபோனை மெத்தையில் மல்லாக்கப் போட்டுவிட்டான். திரையில் இப்போது மேல்கட்டிலின் அடிப்பலகை. அதில் மகள் சஃபா வரைந்து கொடுத்துவிட்ட வீடு ஒட்டியிருந்தது. வாசலில் மூணு பேர், கை கோத்தபடி.

சூஃபியா அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை ஃபோனுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.