கடல் தெரியாத மேஜை

"கடல் தெரியாத மாதிரி ஒரு மேஜை இருக்குமா?" என்று நான் கேட்டதும் ஓட்டல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமல்லபுரத்தில், அதுவும் ஒத்தவாடைத் தெருவில் ஓட்டல் நடத்துகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? கடலைக் காட்டித்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. பக்கத்துக் கட்டடம் கடலை மறைத்துவிடுமோ என்று பயந்து மாடிக்கு மேல் மாடி எழுப்பி, உச்சியில் கீற்றுக் கொட்டகை போட்டு, பிரம்பு நாற்காலிகளை எல்லாம் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்திருப்பார்கள். கடைசியில் அவர் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர்கள் நின்ற மூலையைக் காட்டினார். அருமையான இடம் என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு இதுதான் வேலை. என் மகள் பிரதீபா சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். கேளம்பாக்கத்தில் ஃபிளாட். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவளம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பாள். நெம்மேலி பக்கம் வரும்போது இடது கைப்புறம் கடல் திறந்துகொள்ளும். நான் வலது கைப்புறம் சவுக்குத் தோப்பையும் மனை விற்பனைப் பலகைகளையும் படித்துக்கொண்டு வருவேன். மாமல்லபுரத்தில் வரதன் என்று ஒரு மீனவர், பலகை மேல் நின்று அலையில் சறுக்கி வருகிற சர்ஃபிங் சொல்லித் தருகிறார். அவரிடம் பலகையை வாங்கிக்கொண்டு அவள் கடலுக்குள் போய்விடுவாள். நான் தெருவுக்குள் போய்விடுவேன். அவள் குளித்து, உடை மாற்றி வருவதற்குள் அன்றைய நாஸ்தாவுக்கு ஒரு ஓட்டலைத் தேடி நான் இடம் பிடித்திருக்க வேண்டும்.

என் நிபந்தனை, கடல் தெரியக் கூடாது. அவள் நிபந்தனை, போன ஓட்டலுக்கு மறுபடி போகக் கூடாது.

"அதே கடைக்குப் போனா பழகிடுவாங்கப்பா. அப்புறம் வீட்ல யாரு யாருன்னு கேப்பாங்க" என்றாள் ஆரம்பத்திலேயே.

அந்த நியாயம் எனக்கும் பிடித்திருந்தது. அப்படியே ஒவ்வொரு வாரமும் ஒரு ஓட்டலாக அந்த ஊரையே சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். வெள்ளைக்காரர்களுக்காக நடக்கும் கடைகளில் வாழைப்பழத்தை உள்ளே வைத்து மடித்து, மேலே தேனை ஊற்றி, தோசைக்கு அவமானம் செய்து ஒன்று தருவார்கள். அதையும் தின்றேன். பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் பொங்கலில் முந்திரி இருந்தது, உப்பு இல்லை. சிற்பிகள் சாப்பிடும் ஒரு கொட்டகையில் கல்தூசிக்கு நடுவே கிடைத்த இட்லி மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. பிரதீபா எல்லா இடத்திலும் மீன்தான் கேட்பாள். நான் எல்லா இடத்திலும் மீனைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்பேன்.

நாங்கள் முன்பு கல்பாக்கத்தில் குடியிருந்தோம். அணு ஆராய்ச்சி மையத்தில் எனக்கு வேலை; குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தால் கடல். என் மனைவி பார்வதம் விருதுநகர்க்காரி. கடலே பார்க்காத ஊரில் பிறந்தவளுக்குக் கடல் மீன் மேல் அப்படி ஒரு பைத்தியம். வாசலில் கூடை கொண்டு வருகிறவர்களை நம்ப மாட்டாள். ஞாயிறு காலையில் பையை எடுத்துக்கொண்டு கரைக்கே போய், படகிலிருந்து இறங்குவதைப் பேரம் பேசி வாங்கி வருவாள். அந்த டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனாள். சுனாமி வந்தது. அவள் கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் கிடைத்தார்கள், அவள் மட்டும் கிடைக்கவில்லை.

அப்புறம் கொஞ்ச காலம் ஊரே மீனை விட்டது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஊர் மெல்ல மீனுக்குத் திரும்பியது. நான் திரும்பவில்லை. கடலைப் பார்க்கவும் இல்லை. ராத்திரியில் அதன் சத்தம் கேட்கிறதென்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கேளம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன்.

அப்படி ஓடிவந்தவனிடம் போன வருஷம் பிரதீபா வந்து, "நான் சர்ஃபிங் கத்துக்கப் போறேம்ப்பா" என்றாள். நான் கத்திய கத்தலில் எதிர் ஃபிளாட் லக்ஷ்மிநாராயணன் கதவைத் திறந்து பார்த்தார். ஒரு ஆளைக் கொடுத்தது போதாதா என்று கேட்டேன். அவள் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அடுத்த ஞாயிறு தனியாகப் போய்விட்டு வந்தாள். அவள் வண்டிச் சத்தம் கீழே கேட்கிற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தடுத்தாலும் போகிறாள், சரி, பக்கத்திலாவது இருப்போம் என்று அதற்கடுத்த வாரம் நானே சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஸ்கூட்டி அருகில் நின்றேன்.

ஈரத்தலையோடு அவள் எதிரே வந்து உட்காருகிற நிமிஷத்துக்காகவே அந்தக் காலை முழுவதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "இன்னைக்கு மூணு அலைப்பா" என்பாள். "ஒண்ணுல கரை வரைக்கும் நின்னுட்டே வந்தேன்." எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு திமிர்கூட வந்துவிட்டது. பழைய ஆபீஸ் சிநேகிதர் கேசவனிடம் போனில், "எம்பொண்ணு அலை மேல நிக்கிறா, தெரியும்ல?" என்று பீற்றிக்கொண்டேன். அம்மாவை எடுத்துக்கொண்ட கடலின் தலைமேல் அவள் ஏறி நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குச் சோறு மாதிரி இருந்தது.

ஆடி கழிந்த ஒரு ஞாயிறு. தெருவின் கடைக்கோடியில் புதிதாக ஒரு மாடி ஓட்டல். ஜெனிட்டா என்கிற பெண் தனியாக நடத்துகிறாள். புருஷன் ஆல்வின் சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். கொஞ்சம் மேஜைகள், ஒரு அடுப்பு, ஒரு பெரிய ஜன்னல். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இன்னா நைனா நீ! அல்லாரும் கடலு தெரிலன்னு சண்ட போட்டுகினு எறங்கிப் போறாங்க. நீ இன்னாடான்னா தெரியக் கூடாதுன்ற."

"கண்ணு கூசுதும்மா."

"அப்போ செவுத்தப் பாத்தாப்ல குந்து. நாஸ்தாவுக்கு இட்லி கீது, நேத்து வச்ச மீன் கொழம்பு கீது."

"எனக்குச் சட்னி போதும். பொண்ணு வருவா, அவளுக்குக் குழம்பு."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே நின்று வெங்காயம் நறுக்கினாள். கை தன் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருக்க, கண் என் தலைக்கு மேலாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"தோ, இன்னிக்கும் போயி குந்திகிச்சு பாரு."

"யாரும்மா?"

"ஒரு பொண்ணு நைனா. கட தொறந்ததுலேந்து வாரா வாரம் பாத்துகினு கீறேன். பலகைய எட்த்துகினு அல்லாரோடயும்தான் போவுது. மத்ததுங்கள்லாம் அலை மேல ஏறி, வுயுந்து, சிரிச்சிகினு கீதுங்க. இது மட்டும் அலைய தாண்டி அப்பால போயிடும். போயி, பலகை மேல குந்திக்கும். அவ்ளோதான். ஒரு அலைகூட புடிச்சி நான் பாத்ததில்ல. இந்தப் பக்கம் திரும்பக்கூட திரும்பாது. அந்தாண்டயே பாத்துகினு இருந்துட்டு, நேரமானா படுத்துகினே வந்துடும்."

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்ன கலர் சட்டை?"

"மஞ்சா. முழுக்கை."

கேளம்பாக்கத்துக் கடையில் அதை வாங்கும்போது நான் கூடவே இருந்தேன். கறுப்பு வேண்டாம், மஞ்சள் எடு, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சொன்னவனே நான்தான். யாருக்குத் தெரியட்டும் என்று சொன்னேனோ.

"ஆரையோ தொலச்சிட்டாப்ல குந்திகினு கீது, பாவம்" என்றாள் ஜெனிட்டா. "இங்கேந்தே தெரியும், திரும்பிப் பாரேன்."

நான் திரும்பவில்லை. சுவரில் ஒரு சர்ச் காலண்டர் இருந்தது. அதில் போன மாதத்தையே இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்தைத் திருப்புவது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியாது.

வெகு நேரம் கழித்துப் பிரதீபா மாடி ஏறி வந்தாள். ஈரத்தலை, தோளில் துண்டு, கைப்பையின் வாயில் சுருட்டித் திணித்த மஞ்சள் சட்டை. ஜெனிட்டா அந்தச் சட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

"பசிக்குதுப்பா. இன்னைக்கு நாலு அலை."

"பெருசா?"

"ரெண்டு பெருசு. ஒண்ணுல விழுந்துட்டேன்" என்று சிரித்தாள். விழுந்ததையும் சேர்த்துக் கட்டி எனக்காகச் சொல்கிறாள். இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற விதம் அச்சு அசல் பார்வதம். நான் சட்னியைத் தொட்டுக்கொண்டு, "ஜாக்கிரதையா நில்லும்மா" என்றேன்.

கிளம்பும்போது ஜெனிட்டா அவள் கையைப் பிடித்து, "அடுத்த வாரமும் வா கண்ணு" என்றாள். பிரதீபா தலையை ஆட்டினாள். போன ஓட்டலுக்கு மறுபடி போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றாள். என் மச்சினி கொண்டுவந்த பெங்களூர் ஜாதகத்தை, "அவ்ளோ தூரமா சித்தி?" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்பாவைத் தனியாக விட மனசில்லை என்று நினைத்து நான் உள்ளூர மகிழ்ந்துபோயிருந்தேன். எனக்காக இல்லை. ஞாயிறுகளை விட்டுவிட்டு அவளால் போக முடியவில்லை. அம்மா போன திசையில் வாராவாரம் போய் உட்கார்ந்து காத்திருக்கிறாள். நான் கடலுக்கு முதுகைக் காட்டியபோது அவளுக்கும் சேர்த்தே காட்டியிருக்கிறேன். துக்கத்தை நான் பாதி சுமப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். முழுவதையும் அவள் தலையில் வைத்துவிட்டு பொங்கலில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் இப்படியே அங்கே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவாள் என்று எண்ணியபோது, அவள் மூழ்கிவிடுவாளோ என்று பயந்ததெல்லாம் சின்ன பயமாகத் தெரிந்தது.

ஞாயிறு வந்தது. "நல்ல கடையாப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் மணலில் இறங்கினாள். நான் தெருவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தேன். ஓட்டல்காரர்கள் அட்டையை நீட்டினார்கள். ஒரு சந்தில் நின்றேன். பிறகு திரும்பி, காய்ந்துகொண்டிருந்த வலைகளுக்கு நடுவே, படகுகளைத் தாண்டி, கீழே பார்த்தபடியே நடந்தேன். மணல் ஈரமாக மாறியதும் தலையைத் தூக்கினேன்.

கடல் அங்கேதான் இருந்தது. நான் என்னவோ நினைத்திருந்தேன். அது எதையும் செய்யாதது போல, கல்பாக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வரதனிடம் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அலைகளில் ஏறி விழுந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், அலை உடைகிற இடத்துக்கும் அப்பால், ஒரு மஞ்சள் முதுகு. தண்ணீர் அவளைத் தூக்கியது, இறக்கியது. அவள் அசையவில்லை.

வரதன் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "நீ பிரதீபாவோட அப்பாதான சார்? இன்னா சார் கரையில? போயி இட்டாரட்டா?"

"வேண்டாம்ப்பா. நானே கூப்பிடுறேன்."

"உன் சத்தம் அம்மாந்தூரம் கேக்காது சார்."

கால்சட்டையைச் சுருட்டவில்லை. செருப்போடு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. காலடியில் மணலை அரித்துக்கொண்டு போனது. சுனாமி வந்த நாட்களில் கல்பாக்கத்துக் கரையில் எல்லாரும் வரிசையாக நின்று தொலைந்துபோன தங்கள் ஆட்களின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். நான் அப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உடல்களை மூடிய துணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட எனக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

இரண்டு கைகளையும் வாயருகே குவித்தேன். என் மகளின் பெயரைத்தான் கூப்பிட நினைத்தேன், சத்தியமாக.

"பார்வதம்!"

என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பினார்கள். வலைகளுக்கு அருகில் இருந்த ஆட்கள் திரும்பினார்கள். நிறுத்த முடியவில்லை. "பார்வதம்! ஏய் பார்வதம்!" வீட்டுக்குள்ளிருந்து அடுக்களைக்குக் கூப்பிடுகிற அதே மாதிரி, கொஞ்சம் கோபமாக, எவ்வளவு நேரம் என்பது போல. அலை இடுப்பில் அடித்தது. வரதன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

தூரத்தில் மஞ்சள் சட்டை அசைந்தது. ஒரு காலை இந்தப் பக்கம் போட்டு, பலகையை மெல்லக் கரைப் பக்கம் திருப்பினாள். முகம் தெரிகிற தூரம் இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு அலை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.